நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் செலவழித்தால் என்ன கிடைக்கும்? சென்னையை வைத்துச் சில கேள்வி-பதில்கள்

சென்னையில் மேம்பாலம் கட்டப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் அதன் செலவைப் பற்றி அதிகம் பேர் கேட்பதில்லை. நடைபாதையை இரண்டு மீட்டர் அகலப்படுத்தப்போகிறோம் என்றால் மட்டும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேள்விகள் குவிகின்றன. கேட்பதில் தப்பே இல்லை, பொதுப்பணம்தானே. அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, தெரிந்த கணக்குகளை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் சென்னையை வைத்தே பேசுகிறேன். மதுரை, கோவை, திருச்சிக்காரர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

இந்தக் காலத்தில் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். 2008-ல் சென்னைப் பெருநகர் முழுவதற்கும் எடுத்த போக்குவரத்து ஆய்வில் மொத்தப் பயணங்களில் 28 சதவீதம் நடை, 6 சதவீதம் சைக்கிள். மூன்றில் ஒரு பயணம் பெட்ரோலே இல்லாமல் நடந்தது. காரில் போனவை 6 சதவீதம்தான். பழைய கணக்கு என்பது உண்மை. அதற்கப்புறம் டூவீலரும் காரும் பெருகிவிட்டன. ஆனால் அந்த ஆய்வில் பஸ் பயணங்கள் தனியாக 26 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ மெட்ரோவிலோ போகிற ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஸ்டாப் வரைக்கும், இறங்கிய பிறகு வேலை இடம் வரைக்கும் நடக்கிறவர்தான்.

சைக்கிள் கதை வேறு. 1970 வாக்கில் சென்னையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பயணம் சைக்கிளில் நடந்தது. அது தேய்ந்து 6 சதவீதத்துக்கு வந்ததற்கு டூவீலர் கைக்கெட்டும் விலைக்கு வந்தது ஒரு காரணம். ஓட்ட இடமில்லாமல் போனது இன்னொரு காரணம்.

பெண்களின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிற ஒரு பெண்ணுக்கு மாதம் பல நூறு ரூபாய் மிச்சம். அவர் விடியற்காலையில் தெருவிளக்கு எரியாத, வண்டிகள் அடைத்து நிற்கிற தெருவில் ஸ்டாப்புக்கு நடந்தாக வேண்டும் என்றால், அரசு அவருக்குக் கொடுத்த சலுகையில் பாதி அந்தத் தெருவிலேயே கரைந்துவிடுகிறது.

ஒரு நடைபாதைத் திட்டத்துக்கு எவ்வளவு ஆகும்? மற்ற செலவுகளோடு வைத்துப் பார்த்தால் அது அதிகமா?

இதற்கு தி.நகர் போல நல்ல உதாரணம் கிடைக்காது. ஒன்றிரண்டு சதுர கிலோமீட்டருக்குள் எல்லா வகைச் செலவும் நடந்திருக்கிறது.

பாண்டி பஜார் என்று நாம் சொல்கிற தியாகராய சாலையில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 40 கோடி ரூபாய். அதே பகுதியில் வாகனங்கள் நிறுத்த அடுக்குமாடி பார்க்கிங் ஒன்றும் கட்டினார்கள். அதற்கும் சுமார் 40 கோடி. அதில் 222 கார்களும் 513 டூவீலர்களும் நிற்கலாம். ஒரு கார் நிற்கிற இடத்தில் ஐந்து டூவீலர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு காரை நிறுத்தி வைக்க 12 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது. பாண்டி பஜாரில் ஒரு தீபாவளி வாரத்தில் நடப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே தொகை, அங்கே சில நூறு வண்டிகளுக்கு, இங்கே ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு.

2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை வந்தது. 570 மீட்டர், 28.45 கோடி. 2025-ல் உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைக்கும் இரும்பு மேம்பாலம் திறந்தார்கள். 1.2 கிலோமீட்டர், சுமார் 165 கோடி. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி, அதாவது கிலோமீட்டருக்குச் சுமார் 530 கோடி.

மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும், நிறையவே வேண்டும். 530 கோடிக்கு ஒரு கிலோமீட்டர் பாதை போட்டுவிட்டு, ஸ்டேஷன் வாசலிலிருந்து சுற்றியுள்ள தெருக்களுக்கு ஒழுங்கான நடைபாதை போடாமல் விடுவதைத்தான் தாங்க முடியவில்லை. ஸ்டேஷனைச் சுற்றி அரை கிலோமீட்டரைச் சரிசெய்ய ஆகும் தொகை அந்த மொத்தத்தில் சில்லறை.

கல் பதிக்கிற வேலைதானே, அதற்கு ஏன் கோடிக்கணக்கில் ஆகிறது?

மேலே பதிக்கும் கல் இதில் மலிவான சமாச்சாரம். பணமும் நாளும் போவது அடியில்தான். சென்னைச் சாலையின் ஓரத்தைத் தோண்டினால் மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வாரியத்தின் கேபிள், நாலைந்து இன்டர்நெட் கம்பெனிகளின் ஒயர் எல்லாம் வரைபடம் இல்லாமல் பின்னிக் கிடக்கும். எது எங்கே போகிறது என்று தோண்டின பிறகுதான் பல சமயம் தெரியும். மேலே வந்தால் டிரான்ஸ்பார்மர், பில்லர் பாக்ஸ் என்கிற மின் இணைப்புப் பெட்டி, போஸ்ட் கம்பம். ஒரு பில்லர் பாக்ஸை இரண்டடி நகர்த்த இன்னொரு துறையின் ஒப்புதல், இன்னொரு துறையின் ஆட்கள், அவர்கள் சொல்கிற தேதி.

பெங்களூரில் டெண்டர் ஷ்யூர் என்ற பெயரில் சில சாலைகளைச் செய்தபோது இதைத்தான் முதலில் கையில் எடுத்தார்கள். எல்லாக் குழாய்களையும் கேபிள்களையும் நடைபாதைக்கு அடியில் தனித்தனிக் குழாய்ப் பாதைகளில் போட்டு, இடையிடையே திறந்து பார்க்க வழி வைத்துவிட்டு, அதற்கு மேல் நடைபாதை. செலவு அதிகம் என்று அப்போது கண்டனம் வந்தது. ஆனால் அடுத்த முறை கேபிள் போட வருகிறவர் கல்லை உடைக்க வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு மேலே மட்டும் அழகாகப் போட்டால், ஆறே மாதத்தில் ஒருவர் கேபிளுக்காகத் தோண்டுவார், மண்ணைக் குவித்துவிட்டுப் போவார், திரும்பப் போடும்போது கல் ஏறியும் இறங்கியும் நிற்கும். அந்தச் செலவை அப்புறம் ஒவ்வொரு வருஷமும் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

எல்லாத் தெருவுக்கும் இந்த அளவு செலவும் தேவையில்லை. பத்து மீட்டருக்கும் குறுகலான உள்தெருவில் தனி நடைபாதையே வேண்டாம். வண்டிகள் மெதுவாகப் போகும்படி வேகத்தடையும் முனைகளில் இறுக்கமான திருப்பமும் வைத்தால் மக்கள் தெருவிலேயே நடக்கலாம். சாலையைக் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது, அழிந்துபோன வரிக்கோடுகளைத் திரும்பப் போடுவது, சிக்னலில் நடப்பவர்களுக்கு இன்னும் பத்து விநாடி கொடுப்பது ஆகியவற்றுக்கு ஆகும் தொகையை மாநகராட்சியின் எந்த மண்டலமும் தாங்கும்.

நடப்பதால் வரும் நன்மையை எப்படி ரூபாயில் சொல்ல முடியும்?

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு கணக்கிடும் முறை வைத்திருக்கிறது. நீண்ட கால ஆய்வுகளைத் தொகுத்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு இது: வாரத்துக்கு 168 நிமிடம் நடப்பவருக்கு அகால மரண அபாயம் சுமார் 11 சதவீதம் குறைகிறது, வாரத்துக்கு 100 நிமிடம் சைக்கிள் ஓட்டுபவருக்குச் சுமார் 10 சதவீதம். புதிய பாதையால் எத்தனை பேர் கூடுதலாக நடப்பார்கள் என்று மதிப்பிட்டு, தவிர்க்கப்படும் மரணங்களை எண்ணி, அதற்கு அந்த நாட்டில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பண மதிப்பைப் போடுவார்கள். அதோடு எரிபொருள் மிச்சம், குறையும் புகை, குறையும் விபத்து, நெரிசல் ஆகியவற்றைச் சேர்ப்பார்கள்.

இந்தியாவுக்கு டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் 2018-ல் ஒரு மதிப்பீடு செய்தது. டூவீலரிலும் காரிலும் போகிற குறுந்தூரப் பயணங்கள் சைக்கிளுக்கு மாறினால் ஆண்டுக்கு 1.8 லட்சம் கோடி ரூபாய் பலன், நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.6 சதவீதம் என்றார்கள். அதில் 1.4 லட்சம் கோடிக்கு மேல் உடல்நலத்தால் வருவது. பெட்ரோல் மிச்சம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. நம் ஊர் பேச்சில் எப்போதும் பெட்ரோல் விலைதான் முன்னால் நிற்கும். கணக்கில் முன்னால் நிற்பது சர்க்கரையும் இரத்த அழுத்தமும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. பெரியவர்களில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். டாக்டர் எல்லோரிடமும் "தினம் அரை மணி நேரம் நடங்க" என்கிறார். எங்கே நடப்பது என்று யாரும் சொல்வதில்லை. பூங்காவுக்கு பைக்கில் போய், உள்ளே எட்டு சுற்று நடந்துவிட்டு, பைக்கில் திரும்புகிறோம். மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நிம்மதியாக நடக்க முடிந்தால் அந்த அரை மணி நேரம் தனியாக ஒதுக்கத் தேவையே இல்லை.

சரி, ஒரு ரூபாய் போட்டால் எத்தனை ரூபாய் திரும்ப வரும்?

பிரிட்டனின் போக்குவரத்துத் துறைக்காக 2014-ல் பல நடை, சைக்கிள் திட்டங்களின் மதிப்பீடுகளைத் தொகுத்தபோது சராசரிப் பலன் செலவைப் போல 5.6 மடங்கு என்று வந்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சாலைகளை வாகனங்களுக்கு மூடி மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். உடல்நலத்தை மட்டும் எடுத்தாலே அதில் போடும் ஒரு டாலருக்கு மூன்று டாலருக்கு மேல் பலன் என்று 2012-ல் ஓர் ஆய்வு கண்டது. ஐரோப்பிய நாடுகளுக்காக 2019-ல் செய்த கணக்கில், காரில் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் சமூகத்துக்கு 11 சென்ட் நஷ்டம், சைக்கிளில் போவது 18 சென்ட் லாபம், நடப்பது 37 சென்ட் லாபம்.

இந்த மடங்குகளை அப்படியே சென்னைக்குப் பெயர்த்து வைக்க எனக்கு விருப்பமில்லை. உயிருக்குப் போடும் பண மதிப்பு நாட்டுக்கு நாடு மாறும். புதிதாக எத்தனை பேர் நடப்பார்கள் என்பது எப்போதும் ஓர் ஊகம். நல்ல திட்டங்களைத்தான் அதிகம் மதிப்பிடுகிறார்கள் என்ற சாய்வும் உண்டு. ஆனால் மேம்பாலக் கணக்கிலும் ஊகம் இருக்கிறது, அதை யாரும் தோண்டுவதில்லை. மேம்பாலத்தின் பலனில் பெரும்பங்கு வண்டிக்காரர்களின் நேர மிச்சம். ஒரு வண்டிக்கு மூன்று நிமிடம், இத்தனை ஆயிரம் வண்டி என்று பெருக்கிவிடுவார்கள். அந்த மேம்பாலம் இறங்குகிற இடத்தில் சாலையைக் கடக்க முடியாமல் நிற்கும் பாட்டியின் ஐந்து நிமிடத்தை யாரும் கழிப்பதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தாலே பல திட்ட அறிக்கைகளின் முடிவு மாறும் என்று நம்புகிறேன்.

பலன் இவ்வளவு இருந்தால் ஏன் செய்யவில்லை?

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. இந்தியாவில் ஒரு மாநகராட்சி இப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை இருக்க வேண்டும் என்பது அதன் வாக்குறுதி. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2016-ல் உலக நாடுகளிடம் கேட்டதே 20 சதவீதம்தான். காகிதத்தில் சென்னை அதைப் போல மூன்று மடங்கு முன்னால் நின்றது. தெருவில் இறங்கி நடந்தால் எவ்வளவு நிறைவேறியது என்பது தெரியும்.

காரணம் சோம்பல் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். செலவு ஒரு நோட்டிலும் வரவு இன்னொரு நோட்டிலும் விழுகிறது. நடைபாதைக்குப் பணம் கொடுப்பது மாநகராட்சி. அதனால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் ஐந்து வருஷம் தள்ளிப்போனால் மிச்சம் அவர் குடும்பத்துக்கும், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களின் மருந்துக் கணக்குக்கும். விபத்து குறைந்தால் மிச்சம் 108 ஆம்புலன்ஸுக்கும் காப்பீட்டுத் திட்டத்துக்கும். மாநகராட்சியின் கமிஷனர் தன் பட்ஜெட்டைப் பார்த்தால் செலவு மட்டும்தான் கண்ணில் படும். பலன் மெல்ல, பல வருஷம் கழித்து, வேறு துறையின் பெயரில் வரும். மேம்பாலத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. கட்டினால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், திறப்பு விழா நடத்தலாம்.

இதை மாற்ற ஒரே வழி, சுகாதாரத் துறையும் இந்தச் செலவில் பங்கு போடுவது. மருந்துக்கும் டயாலிசிஸுக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு சிறு பங்கை, அந்த நோய் வராமல் தடுக்கிற தெருவுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு?

எங்கள் வீட்டு பட்ஜெட்டில் இதனால் என்ன மாறும்?

தோராயமாக ஒரு கணக்கு. வேலை இடம் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது, டூவீலர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் நூறு ரூபாய் என்று வையுங்கள். மாதம் 25 நாளுக்கு 550 ரூபாய் ஆகிறது. இதோடு வண்டியின் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர். பிள்ளைகளின் ஸ்கூல் வேன் கட்டணம் பல வீடுகளில் இதைவிட அதிகம். பள்ளி ஒரு கிலோமீட்டரில் இருந்தும் வேனில் அனுப்புகிறோம், ஏனென்றால் நடுவில் இருக்கும் ஒரே ஒரு சாலையைக் கடக்கப் பயம். அந்த ஒரு கிராசிங்கைச் சரிசெய்யாததற்கான கட்டணத்தை அந்தப் பகுதிப் பெற்றோர் எல்லோரும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சைக்கிளுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைந்தது. வாங்குவது இப்போது கொஞ்சம் எளிது, ஓட்டுவதுதான் கஷ்டம்.

விபத்துக் கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு மொத்தம் 17,884 பேர் இறந்தார்கள். நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் விபத்து நடந்த மாநிலமும் நாம்தான்.

வேகம்தான் இதில் முக்கியம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் இல்லாத நேரத்தில் வண்டிகள் வேகமெடுக்கும். இரவு பத்து மணிக்கு மேல் அண்ணா சாலையைக் கடந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். அகலமான நடைபாதை, வண்டிகளுக்குக் குறுகிய தடங்கள், நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு ஆகியவை இருந்தால் போலீஸ் நிற்காத நேரத்திலும் வேகம் குறையும்.

இந்த வெயிலில் யார் நடப்பார்கள்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் ஒரு மணிக்கு யாரையும் நடக்கச் சொல்ல முடியாது. ஆனால் வெயிலில் நடப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், வேறு வழியில்லாமல். அவர்களுக்கு நிழல் கொடுப்பது முதல் வேலை.

ஸ்பெயினின் செவில் நகரில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே 2006-லிருந்து நான்கைந்து ஆண்டுகளில் சுமார் 120 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை வாகனங்களிலிருந்து பிரித்துப் போட்டார்கள். மொத்தச் செலவு சுமார் 3.2 கோடி யூரோ. அதற்காகச் சாலையோர பார்க்கிங் இடங்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டன. ஒரு சதவீதம்கூட இல்லாத சைக்கிள் பயணம் 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. வெயில் அப்படியேதான் இருந்தது.

இங்கே நமக்குப் புங்கையும் வேம்பும் தூங்குமூஞ்சி மரமும் இருக்கின்றன. பெரிய தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில் நிற்கிறவருக்கும் பத்தடி தள்ளி சிமென்ட் தரையில் நிற்கிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் நடைபாதை வேலையில் மரத்தின் அடிவரைக்கும் கான்கிரீட்டை ஊற்றிவிட்டுப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேருக்குத் தண்ணீர் இறங்காமல், அடுத்த புயலில் மரம் சாய்ந்து, நிழலும் போய், புதுக் கல்லும் பெயர்ந்துவிடும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணாக விட வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஊற்றாமல் இருந்தால் போதும்.

புகையில் சைக்கிள் ஓட்டினால் நுரையீரல்தானே கெடும்?

2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். காற்றில் நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் மோசமான ஊரிலும், தினம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினால்தான் கெடுதல் நன்மையை மிஞ்சும் என்று கண்டார்கள். சென்னையின் ஆண்டு சராசரி அந்த அளவை விட நன்றாகக் கீழே இருக்கிறது. போகி அன்றைக்குக் காலையிலும் தீபாவளி இரவிலும் வேண்டுமானால் விட்டுவிடலாம்.

கடை வாசலில் பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடாதா?

பாண்டி பஜார் வேலை நடந்தபோது வியாபாரிகளுக்கு இந்தப் பயம் இருந்தது நியாயம்தான். வேலை நடக்கும் மாதங்களில் பள்ளமும் தூசியுமாக வாசல் கிடக்கும்போது வியாபாரம் அடிபடும். அதற்கு வேலையைச் சிறு சிறு பகுதியாக எடுத்து முடிப்பதுதான் வழி, நம் ஊரில் அதைச் செய்வதில்லை.

முடிந்த பிறகு நடப்பது வேறு. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 2006-ல் கடைக்காரர்களிடம், உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கேட்டார்கள். 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது 22 சதவீதம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வாசலில் நிற்கும் கார் கண்ணில் படும், பஸ்ஸில் இறங்கி நடந்து வந்தவர் எப்படி வந்தார் என்று தெரியாது. அதோடு ஒரு காரை நாள் முழுக்க வாசலில் நிறுத்தி வைப்பவர் பல இடங்களில் கடைக்காரரோ அவர் ஊழியரோதான். ரங்கநாதன் தெருவில் எந்த வண்டியும் நிற்க முடியாது, அங்கே வியாபாரம் எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

பிளாட்பாரக் கடைகளை எடுத்தால்தானே நடக்க முடியும்?

இல்லை. பூக்காரம்மாவும் இளநீர்க் கடையும் இட்லிக் கடையும் இருக்கிற தெருவில்தான் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெண் தைரியமாக நடக்கிறார். 2014-ம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களைக் கணக்கெடுத்து, இடம் ஒதுக்கி, சான்று கொடுக்கச் சொல்கிறது. நடக்க 1.8 மீட்டர் தடையில்லாமல் விட்டு, அதற்கு வெளியே மரங்களின் வரிசையில் கடைகளுக்கு இடம் குறித்தால் இருவருக்கும் இடம் உண்டு. இடத்தை உண்மையில் அடைப்பது நாள் முழுக்க நிற்கும் காரும், வீட்டு கேட்டிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவுகளும்தான். அந்தச் சரிவுகளை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

ஆகாய நடைபாதை கட்டிவிட்டால் பிரச்சினை தீராதா?

மாம்பலத்தில் தீர்ந்தது, ஏனென்றால் அங்கே மக்கள் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏற்கெனவே மேலே இருக்கிறார்கள், லிஃப்டும் எஸ்கலேட்டரும் வைத்தார்கள். சாதாரண பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பக்கம் போக ஒருவரை இரண்டு மாடி ஏறி இறங்கச் சொன்னால் ஏற மாட்டார், நடுத் தடுப்பைத் தாண்டுவார். முழங்கால் வலிக்காரர் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிடுவார். வண்டி நிற்காமல் போவதற்காக மனிதர் மாடி ஏற வேண்டும் என்பது எந்த வகையில் நியாயம்?

சைக்கிள் பாதை போட்டாலும் யாரும் ஓட்டுவதில்லையே?

இருநூறு மீட்டர் பச்சைப் பெயின்ட் அடித்து, முனையில் ஒரு டிரான்ஸ்பார்மரில் கொண்டுபோய் முடித்தால் யாரும் ஓட்ட மாட்டார்கள். செவிலில் வெற்றி பெற்றதற்குக் காரணம் முதல் கட்டத்திலேயே சுமார் 80 கிலோமீட்டரை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது. துண்டு துண்டாகப் போட்ட ஊர்களில் பணமும் போனது, "பார்த்தீர்களா, யாரும் வரவில்லை" என்ற பேச்சும் மிஞ்சியது.

நம் மக்களுக்கு சைக்கிளில் ஆர்வமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளி, நர்ஸ், அங்கன்வாடி ஊழியர் என்று பல்லாயிரம் பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் கடையில் இருந்த பார் வைத்த சைக்கிளையே வாங்கி, அந்த பாரில் குழந்தையை உட்கார வைத்துப் போனார்கள். பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்ததை கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியது என்று காட்டினார்கள். தமிழ்நாடு அதற்கு முன்னாலேயே பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கிவிட்டது. கிராமத்தில் அந்த சைக்கிள் ஓடுகிறது. சென்னையில் அதே வயதுப் பெண்ணின் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது, அம்மா மெயின் ரோட்டில் விட மாட்டார்.

நடப்பவருக்குச் சட்டத்தில் உரிமை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தடையில்லாத நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது.

எங்கள் தெருவுக்கு என்ன கேட்பது? யாரிடம்?

"நடைபாதை வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எல்லோரும் அதைக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியிலிருந்து பஸ் ஸ்டாப் வரை, அல்லது மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் வரை. ஒரு அளவு நாடாவோடு நடந்து பாருங்கள். எங்கே 1.8 மீட்டருக்குக் குறைகிறது, எங்கே ஓரக்கல் 15 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது என்று குறியுங்கள். இந்த இரண்டு அளவும், சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-ல் வெளியிட்ட விதிகளில் இருப்பவை, பொறியாளர் மறுக்க முடியாது. டூவீலர் ஏறாமல் இருக்க வைத்த ஸ்டீல் கம்பங்களுக்கு நடுவே வீல்சேர் போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் இருக்காது, ஒரு கம்பத்தை எடுத்தால் போதும். தார் போடுமுன் பழைய தாரைச் சுரண்டி எடுக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். எடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் சாலை உயர்ந்து, நடைபாதை பள்ளமாகி, முதல் மழைக்கே தண்ணீர் நிற்கும்.

புகைப்படங்களோடு பட்டியலை வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுத்தாகக் கொடுங்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை கூட்டத்தில் வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சிறு பழுதுகளுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் தயாராகும் மாதங்களுக்கு முன்னால், அதாவது டிசம்பருக்குள் கொடுத்துவிட்டால் நல்லது. மார்ச்சில் கொடுத்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்ற பதில்தான் வரும்.